ஏழாவது கொட்டை

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கிழக்குச் சுவரைப் பார்த்தபடி, கோணிச் சாக்கின் மேல், மடியில் எவர்சில்வர் கிண்ணத்தோடு மோனிஷா. அவளுக்கு வலது பின்புறம், கையை நீட்டினால் தலையைத் தொடும் தூரத்தில், அவள் அம்மா அமுதவல்லி. வாசற்படியில் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, டீ டம்ளரும் கையுமாக அப்பா சத்யராஜ். அடுப்போரம், முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டு, எஸ்டேட் லைனில் அடுத்த வீட்டு அருக்காணியக்கா. குழந்தையின் இடது பக்கம் யாரும் இல்லை. அங்கே சுவர் இருந்தது. சுவரில் ஈரம் ஏறிப் பழுப்பாகிப்போன திட்டு ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

மலையூரான கொட்டச்சேட்டில் கார்த்திகை மாதத்துக் காலை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அந்தக் காலையும். பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. பழம் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையிலிருந்து காப்பிப் பழத்தோல் புளித்த வாடை ஈரக் காற்றோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்து, துணிமணியிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரத்து இலைகளில் சேர்ந்த நீர், கூரையின் சிமெண்ட் ஷீட்டில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க," என்றாள் அமுதவல்லி.

ஆறு சத்தங்கள். தினமும் காலையில் முதல் வேலை அதுதான். அம்மா பின்னால் இருந்து ஒரு சத்தம் சொல்வாள். கேட்டால் குழந்தை ஒரு காப்பிக் கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சுவரைப் பார்த்து உட்காரவைப்பது.

"ம்."

டிங்.

"ஊ."

டிங்.

ஆ, ஈ, ஷ் எல்லாவற்றுக்கும் கொட்டை விழுந்தது. கடைசியாக "ஸ்" என்று பல்லிடுக்கில் காற்றை விட்டாள். அதற்கும் விழுந்தது. கைதட்டலாம் என்று அமுதவல்லி கையைத் தூக்கியபோது மோனிஷாவின் தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்து, நின்று, இன்னொரு கொட்டையை எடுத்தது அந்தச் சின்னக் கை.

டிங்.

"ஏழு," என்றான் சத்யராஜ்.

"நான் ஆறுதானுங்க சொன்னேன்."

"நாந்தான் அம்மிணி மூக்க உறிஞ்சுனேன்," என்றாள் அருக்காணியக்கா. "அதுக்கு ஒண்ணு போட்டிருக்குது புள்ள. என்ர சளிக்கு ஒரு கொட்டை தாராளமாப் பெறும்."

சத்யராஜுக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அமுதவல்லியும் சிரித்தாள். ஆனால் அருக்காணியக்கா மூக்கை உறிஞ்சியது நான்காவது சத்தத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். அப்போது குழந்தை அசையக்கூட இல்லை. அது அமுதவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது.

மோனிஷா பிறவியிலேயே காது கேளாதவள். போன வருசம் சேலத்தில் ஆபரேஷன் செய்து, வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே காதில் மாட்டுகிற மிஷின் சத்தத்தை வாங்கும். அதிலிருந்து வருகிற ஒயரின் முனையில் காசளவு காந்த வட்டு ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டு அதை உள்ளே அனுப்பும். மிஷினில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும். மிஷினைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. இடது காதுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மிஷின் மாட்டிய முதல் நாள், பயிற்சி கொடுக்கும் ஜெஸ்லின் மேடம் ஒரு தலையின் படத்தைப் போட்டுக் காட்டினாள்.

"காது வெறும் வாசப்படி, அமுதா. கேக்கறது உள்ள. பொறக்கறப்பவே மூளையில சத்தத்துக்குன்னு ஒரு ரூம் இருக்கு. சத்தம் வரலேன்னா அந்த ரூம் காலியா இருக்காது. மூளை எதையும் சும்மா பூட்டி வெக்காது. கண்ணு வந்து கொஞ்சம் எடுத்துக்கும், தொடுறது வந்து கொஞ்சம் எடுத்துக்கும். ஆறு வயசுக்குள்ள பேச்சைக் கொண்டுபோய் நாம அங்க குடிவெச்சாகணும். விட்டா, அப்புறம் மிஷின் இருந்தும் கஷ்டம்."

"இந்த நாலு வருசமா அங்க யாருங்க இருந்தா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

மேடம் சிரித்துவிட்டாள். "யாரும் இல்லம்மா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

வருகிற சித்திரையில் மோனிஷாவுக்கு ஆறு முடிகிறது. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு ஒரு வருசமாக அமுதவல்லி அந்தச் சாக்கின் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை குழந்தை வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கேட்கிறாள், கொட்டை போடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. சாக்கின் பின்னால் உட்காரும் ஒவ்வொரு காலையும் அமுதவல்லியின் மனதில் ஒரே வேண்டுதல்தான் ஓடும். என்னைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போதும்.

வாரா வாரம் மேடத்துக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் எல்லா அம்மாக்களும் நல்லதை மட்டும் சொல்கிறார்கள், எழுதும்போதுதான் யோசிக்கிறார்கள் என்பாள் மேடம். அந்த வாரக் கடிதத்தில் ஏழாவது கொட்டையைப் பற்றியும் எழுதினாள் அமுதவல்லி. மேடம் போன் செய்தாள்.

"கேட்டுச்சுன்னு குழந்தை சொன்னா, இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம காது கண்டுக்காத சத்தம் அதுக்குப் புதுசா இருக்கும். ஃப்ரிட்ஜ், டியூப் லைட், ஏதாவது இருக்கும். ஆமா, கேட்டுச்சுன்னு தட்டிக் குடுங்க."

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. காலையில் டியூப் லைட் போடுவதும் இல்லை. ஆனாலும் மேடம் சொன்னபடியே செய்தாள். மறுநாள் ஏழாவது கொட்டை விழுந்ததும், "ஆமா கண்ணு, கேட்டுச்சு," என்று முதுகைத் தட்டினாள். அதற்கும் மறுநாள், ஆறாவது முடிந்ததும் கையைத் தூக்காமல் காத்திருந்தாள். போகப்போக அது பழக்கமாகிவிட்டது. ஆறு சத்தம் சொல்வாள். ஏழாவதற்கு இடம் விடுவாள்.

அந்த இடைவெளியில் அவளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் எல்லாம் கேட்டது: கூரையில் நீர்ச் சொட்டு, பல்ப்பரின் உறுமல், கீழே ரோட்டில் மஞ்சக்குட்டை பஸ் கியர் மாற்றுகிற முனகல், காப்பிச் செடிகளுக்குள் காட்டெருமை ஒன்று புஸ்ஸென்று மூச்சு விடுவது. வாரம் ஆக ஆக ஒவ்வொன்றாகக் குறைந்தது. சத்தம் நின்றுவிடவில்லை. "ஸ்" சொல்வதற்கு முந்திய நொடிவரை சொட்டு விழும். சொல்லி முடித்த பிறகு பார்த்தால், வாசலுக்கு வெளியே சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரியும். சத்தம் மட்டும் இருக்காது. ஒன்றை உற்றுக் கேட்கும்போது மற்றதை மூளை அடக்கிவிடும் என்று மேடம் சொல்லியிருக்கிறாள். அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மோனிஷா தலையைச் சாய்ப்பாள், கொட்டை விழும், சொட்டுச் சத்தம் திரும்பி வரும்.

ஒருநாள் ஏழாவது கொட்டை விழவில்லை.

பனிமூட்டம் அன்றைக்கு வாசற்படியைத் தாண்டி அடுப்புவரை வந்திருந்தது. அமுதவல்லி காத்திருந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் சாய்ந்தே இருந்தது.

"அம்மா."

சேலத்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பேசி அவள் கேட்டிருக்கிறாள். மூக்கால் வரும், இழுத்து இழுத்து வரும், எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்று தெரியாமல் கத்தலாக வரும். இது அப்படி இல்லை. பக்கத்து அறையிலிருந்து, அவசரமில்லாத ஒரு பொம்பளை, குரலை உயர்த்தாமல் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதையெல்லாம் யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். காப்பிக் கொட்டைகள் வீடெல்லாம் உருண்டன.

சாயங்காலம் சத்யராஜ் தான் ஓட்டும் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தபோது, "அப்பா, வாங்க," என்றது குழந்தை. அவன் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு பேச்சு மடை திறந்தது. லைன் வீடுகளில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "என்ர பேத்தி மூணு வருசமாப் பள்ளிக்கூடம் போறா, இத்தன மருவாதியாப் பேச மாட்டேங்கறா," என்றாள் அருக்காணியக்கா. "அந்த மிஷினு எங்க விக்குதுன்னு கேளு அம்மிணி. நம்ம எஸ்டேட் ரைட்டருக்கு ஒண்ணு மாட்டோணும். லீவுன்னு கேட்டா அந்தாளுக்குக் காதே கேக்கறதில்ல." சத்யராஜ் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஜீப்பை நிறுத்தும்போதெல்லாம், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அமுதவல்லிதான் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தலை இடது பக்கம் சாய்ந்தது. ஒன்றும் செய்யாத காது அது. அந்தப் பக்கம் சாய்ந்து, சொல்லிக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவள் போல ஒரு கணம் நின்று, பிறகு வாய் திறந்தது. அவள் சொல்லிக்கொடுத்த சொற்கள் இருபதோ முப்பதோதான் இருக்கும். ஆனால் ஒருநாள் காற்று மாறி வீசியபோது, சுவரைப் பார்த்தபடியே, "பழம் நொம்பப் புளிச்சுப்போச்சுங்க," என்றது குழந்தை.

புளிப்பு என்ற சொல்லை அவள் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த வாரம் மழை பிடித்தது. மலைப்பாதையில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது, பஸ்ஸும் நின்றது. மூன்றாம் நாள் பகலில், எரியாத விளக்கின் கீழே, காலைப் பாடத்தை முடித்தாள் அமுதவல்லி. ஆறுக்கும் ஆறு. கைதட்டிவிட்டுக் குழந்தையின் தலையைக் கோதியபோது விரல் மிஷினில் பட்டது.

பச்சைப் புள்ளி மினுங்கவில்லை.

பேட்டரி செத்திருந்தது. எப்போது செத்தது? நேற்றா? கரண்ட் போய் மூன்று நாள். சார்ஜ் ஒரு நாளுக்குத்தான் தாங்கும். நேற்று முழுக்கக் குழந்தை பேசியது. இன்று காலை பாலுக்குச் சர்க்கரை போதாது என்றது.

மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஈரமாக, கனமில்லாமல், செத்த பூச்சி மாதிரி இருந்தது. எழுந்தாள். பின்வாங்கி அடுப்பு மேடைவரை போனாள். அங்கிருந்து, தன் காதுக்கே எட்டாத குரலில் சொன்னாள்.

"ம்."

டிங்.

"ஊ."

டிங்.

ஆ. டிங். ஈ. டிங். ஷ். டிங்.

"ஸ்."

டிங்.

நிறுத்திவிட நினைத்தாள். இடம் விடக் கூடாது. ஆனால் உடம்பு பழகியிருந்தது. காத்திருந்தாள். சொட்டுச் சத்தம் போனது. மழைச் சத்தம் போனது. அவள் மூச்சுச் சத்தமும் போனது.

"மோனி?"

உதடுதான் அசைந்தது.

தலை சாய்ந்தது. இடது பக்கம்.

"மோனி தூங்குதுங்க."

குழந்தை திரும்பவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னது.

"நீ... நீங்க யாரு?"

தலை மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கழுத்து அவ்வளவு சாயுமா? பிறகு, அதே அவசரமில்லாத குரல்.

"எழுப்ப வேண்டாங்க. இப்பத்தான் அடங்குச்சு."

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பிடித்திருந்த வலது கை அசையவில்லை. இடது கை கீழே சாக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. பொத் பொத். கொஞ்சம் விட்டு, மறுபடியும். மிஷின் வருவதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட மோனிஷாவுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். பக்கத்தில் வந்து இடுப்பைத் தட்டுவாள். எட்டாத தூரத்தில் இருந்தால் தரையைத் தட்டுவாள். கைச்சாடையை ஊக்கப்படுத்த வேண்டாம் என்று மேடம் சொன்ன பிறகு, தட்டும்போதெல்லாம் பார்க்காத மாதிரி இருந்து இருந்து அமுதவல்லி அதை நிறுத்தியிருந்தாள்.

முகம் அமைதியாக இருந்தது. கை தட்டிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினாள். ஒன்று விடாமல், நடந்த வரிசைப்படி. கடைசியில், "இந்த மிஷினை எடுத்துவிடலாமா, எடுத்தால் அது போய்விடுமா, தயவுசெய்து எழுதவும்," என்று முடித்தாள். உறையில் போட்டு, ரோடு திறந்ததும் அனுப்பலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். திரும்பியபோது குழந்தை நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்தது. பிறகு முகத்திலிருந்து என்னவோ வடிந்து இறங்கின மாதிரி ஆயிற்று.

கரண்ட் வந்தது. மிஷினைச் சார்ஜ் போட்டு மாட்டினாள். பச்சைப் புள்ளி மினுங்கியது.

"மோனி."

ஒன்றும் இல்லை.

மறுநாளும் பேச்சு இல்லை. ஆறு சத்தத்தில் ஒன்றுக்குக் கொட்டை விழுந்தது. அதுவும் நேரம் கழித்து, சந்தேகத்தோடு. ஏழாவது இல்லை. தலை சாயவில்லை. குழந்தை அம்மாவின் பின்னாலேயே சுற்றியது, சேலையைப் பிடித்துக்கொண்டு, தூங்கி எழுந்த கண்ணோடு. இடுப்பைத் தட்டியது. ஒரு தடவை, தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பியது. கன்றுக்குட்டிக்கு மூக்கு அடைத்தால் வருகிற மாதிரி. அதை அம்மா என்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாமலும் விடலாம். அமுதவல்லி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சத்யராஜ் முதல் நாள் குழந்தையை மடியில் போட்டு, "அப்பா சொல்லு சாமி, அப்பா," என்று கெஞ்சினான். இரண்டாம் நாள் மிட்டாய் வாங்கி வந்தான். அதற்கடுத்த நாள் வீட்டுக்குள் வரவில்லை. மழையில் நின்ற ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்ச புள்ள? அடிச்சியா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் மறுபடி ஊமையாப்போச்சு?"

"ஏனுங்க." ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது பேசறப்ப... அது நம்ம மோனி இல்லீங்க. வேற என்னமோ."

அவன் சாப்பாட்டைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளி வைத்தான்.

"வேற என்னவா இருந்தா எனக்கென்ன அமுதா," என்றான். "என்னிய அப்பான்னு கூப்புட்டுச்சு."

அவள் வீட்டுக்குள் வந்தாள். குழந்தை சாக்கின் மேல் உட்கார்ந்து காப்பிக் கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் தரையைத் தட்டியது. பொத் பொத். பார், வரிசை பார்.

சித்திரைக்கு நான்கு மாதம்கூட முழுசாக இல்லை. ஒரு சத்தத்துக்கு ஒரு கொட்டை. அதுவும் தயங்கி. பல வருசம் போனாலும் இந்தத் தொண்டையிலிருந்து வரப்போவது கன்றுக்குட்டிச் சத்தம்தானா? ஊரே கேட்டுவிட்டது. அவளும் கேட்டுவிட்டாள். ஒரு சொல். தெளிவாக. அவளைத்தான் கூப்பிட்டது.

சாமி படத்துக்குப் பின்னால் கை போனது. உறை அடுப்பில் சீக்கிரமே பற்றிக்கொண்டது. ஈரக் காகிதம் புகைந்து, சுருண்டு, எரிந்தது.

குழந்தையின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். கிண்ணத்தை மடியில் வைத்தாள். பின்னால் போய் உட்கார்ந்தாள். வலது பின்புறம். கை நீட்டும் தூரம்.

"ம்."

கிண்ணத்தில் ஒன்றும் விழவில்லை. சின்னத் தலை திரும்பி அவளைத் தேடியது. மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஊ. ஆ. ஈ."

சாக்கில் பொத் பொத்.

"ஷ்."

"ஸ்."

இடம் விட்டாள்.

சொட்டுச் சத்தம் இருந்தது. மழை இருந்தது. பல்ப்பர் இருந்தது. ஒன்றும் போகவில்லை. இன்னும் காத்திருந்தாள். கை தட்டுவதை நிறுத்திவிட்டுக் கொட்டை ஒன்றைப் பொறுக்கி, அவளுக்குக் காட்டுவதற்காகத் தூக்கிப் பிடித்தது.

"வந்துருங்க," என்றாள் அமுதவல்லி.

சொட்டு நின்றது.

மழை நின்றது.

தூக்கிய கை அப்படியே காற்றில் நின்றது. தலை சாய்ந்தது. மெதுவாக. இடது பக்கம். சுவரில் அந்த ஈரத் திட்டின் பக்கம். இந்தத் தடவை அவளுக்கும் கேட்டது. சொல் இல்லை. யாரோ நெடுநேரம் நின்றுவிட்டு, அனுமதி கிடைத்ததும், உட்காருகிற சத்தம்.

"அம்மா."

மறுநாள் ரோடு திறந்துவிட்டார்கள். காலையில் அவள் எழுதிய கடிதம் சின்னது.

'மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். மோனிஷா நலம். ஆறு சத்தமும் அடுப்பு மேடை தூரத்திலிருந்து கேட்கிறாள். கரண்ட் இல்லாததால் நடுவில் மூன்று நாள் பேசவில்லை, இப்போது முன்னைப்போலப் பேசுகிறாள். புதிய சொற்கள் நிறைய. நான் சொல்லித் தராததையும் தானாகவே கற்றுக்கொள்கிறாள். கைச்சாடை அறவே இல்லை. இப்படிக்கு, ச. அமுதவல்லி.'

படித்துப் பார்த்தாள். கைச்சாடை பற்றிய வரியில் பேனா கொஞ்சம் நின்றது. அடிக்கவில்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையின் வாயில் தடவி, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

குழந்தையை இடுப்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் வந்தாள். ஜீப்பில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சத்யராஜ் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கடிதத்தை வாங்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்தான்.

"அப்பா, ஒண்டிக்கடையில மறக்காமப் பொட்டியில போட்டுருங்க!" என்றது குழந்தை.

ஜீப்புக்குள் சிரிப்பு எழுந்தது. "ஏனுங்க சத்யராசு, உங்க புள்ள கலெக்டராட்ட உத்தரவு போடுதுங்க," என்றது ஒரு குரல்.

"அதுக்கென்ன, போட்டாப் போச்சு," என்றான் அவன். கண் நிறைந்திருந்தது. வண்டி கிளம்பியது. குழந்தை டாட்டா காட்டிச் சிரித்தது. எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விடை கொடுத்தது. அதில் இரண்டு பேரை அது இதற்கு முன் பார்த்ததே இல்லை.

சேலை மடிப்புக்குள், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இன்னொரு கை அவள் இடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. வேகமாக. விடாமல். நகம் பதிகிற அளவுக்கு.

அமுதவல்லி கீழே பார்க்கவில்லை. அந்தக் கையைத் துழாவிப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். பனிமூட்டத்துக்குள் ஜீப்பின் சிவப்பு விளக்கு தேய்ந்து, கடிதத்தோடு மறைந்தது. மூடிய கைக்குள் விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.